கண்ட்ரோல் படிச்சவங்க மூளை ஆராய்ச்சிக்குப் போலாமா? சேலத்துக்காரர் கேள்விக்கு ஒரு நீளமான பதில்

நீங்க கேட்டது இதுதான். கண்ட்ரோல் இன்ஜினியரிங்ல (மெசின தானா சரியா ஓட வெக்கற படிப்பு) பிஎச்டி, தீசிஸ் குடுத்தாச்சு, வைவா பாக்கி. வெளிநாட்டுல ஒரு லேப், சென்சரிமோட்டார் அண்ட் கம்ப்யூடேஷனல் நியூரோசயின்ஸ்னு (புலன்களையும் அசைவையும் மூளை எப்புடிக் கையாளுதுன்னு கணக்கு வெச்சு ஆராயற துறை) போஸ்ட்டாக், அதாவது பிஎச்டிக்கு அப்புறம் செய்யற ஆராய்ச்சி வேலைக்கு விளம்பரம் போட்டிருக்கு. பிளஸ் டூல கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பு, பயாலஜி பத்தாவதோட சரி, அப்ளை பண்ணா சிரிப்பாங்களா? அப்புறம் கடைசியா ஒரு வரி, "வீட்டுல இன்னும் எத்தன வருசம்தான் படிப்பேன்னு கேக்கறாங்க, என்னத்த சொல்றது". எனக்கென்னமோ அந்தக் கடைசி வரிதான் நெஜக் கேள்வின்னு படுது, மத்த மூணும் அதுக்கு ஆதாரம் தேடறதுக்காக எழுதுன மாதிரி இருக்கு. ரெண்டுக்கும் சொல்றேன். பேரு போடாததால தம்பியா தங்கச்சியான்னு தெரியல, நீங்கன்னே எழுதறேன். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் படிச்சுட்டு இந்தப் பக்கம் வந்தவன், ரெண்டு லேப்ல சேத்து அஞ்சு வருசம் போஸ்ட்டாக், இப்ப அஸ்தம்பட்டியில அம்மா கூட இருந்துகிட்டு ரீஹேப் கருவி (அடிபட்டவங்க, பக்கவாதம் வந்தவங்க திரும்பப் பழகறதுக்கான கருவி) செய்யற ஒரு கம்பெனிக்கு வீட்டுல இருந்தே வேலை பாக்கறேன். புரொஃபசர் ஆகல, அத மொதல்லயே சொல்லிடறேன், ஆனவங்க சொல்ற பதில் வேற மாதிரி இருக்கும்.

மொதல்ல இந்தத் துறை என்ன கேக்குதுன்னு பாத்துருவோம், நீங்க விளம்பரத்துல பாத்த வார்த்தைங்கள வெச்சு பயந்திருக்கீங்க. ஏற்காடு பஸ்ல ஏறியிருப்பீங்க. அடிவாரம் தாண்டுனா 20 கொண்டை ஊசி வளைவு, அஞ்சாவது ஆறாவது வளைவுலயே ஜன்னலோரத்துல ஒருத்தர் தலைய வெளிய நீட்டிருவாரு, ஒரு அம்மா எலுமிச்சம்பழத்த மோந்துகிட்டே கண்ண மூடிக்கும், பின்னாடி சீட்டுல காலேஜ் பசங்க ஃபோனப் பாத்துகிட்டு வந்து பத்தாவது வளைவுல அடங்கிப் போயிருவானுங்க. டிரைவர் மட்டும் கல்லு மாதிரி உக்காந்திருப்பாரு. அதே பஸ்ஸு, அதே ஆட்டம், அவரு காதுக்குள்ள இருக்கற பேலன்ஸ் உறுப்பும் நம்முளுது மாதிரிதான். பழகிப் போச்சுன்னு சொல்லுவீங்க, அது பாதி. அதே டிரைவர பின் சீட்டுல உக்கார வெச்சா அவருக்கும் வயித்தப் பெரட்டலாம், புதுசா கார் ஓட்டப் பழகறவங்களுக்குக்கூட தான் ஓட்டறப்ப வராது, பக்கத்துல உக்காந்தா வரும். ஏன்னா ஸ்டீயரிங்க ஒடிக்கறதுக்கு முன்னாடியே அவரு மூளைக்குத் தெரியும், இப்ப ஒடம்பு இந்தப் பக்கம் சாயும்னு. வர்ற சிக்னல் எதிர்பாத்த சிக்னலோட ஒத்துப் போகுது. நமக்கு ஒத்துப் போகல.

இதுல எது உறுதி எது சந்தேகம்னு பிரிச்சு சொல்லிடறேன், இந்தத் துறையில அது ரொம்ப முக்கியம். நாம ஒரு அசைவு செய்யும்போது அந்த உத்தரவோட நகல் ஒண்ணு மூளைக்குள்ளயே அனுப்பப்படுது, அத வெச்சு "இது நானே செஞ்சது, இது வெளிய இருந்து வந்தது"ன்னு பிரிக்குதுங்கறது 1950லயே வான் ஹோல்ஸ்ட், மிட்டல்ஸ்டேட் ரெண்டு பேரும் ஒரு பக்கம், ஸ்பெர்ரி இன்னொரு பக்கம் தனித்தனியா சொன்னது. அப்புறம் கேத்லீன் கல்லென் குழு குரங்குகள்ல அளந்து காட்டுனாங்க, தலைய அதுவே திருப்புனா பேலன்ஸ் பாதையில இருக்கற சில நியூரான்கள் அடங்கியே இருக்கும், அதே அளவு தலைய வேற யாராவது திருப்புனா துள்ளும். உள்காது வேலை செய்யாதவங்களுக்கு இந்தப் பயண வாந்தி வர்றதில்லங்கறதும் உறுதி. ஆனா எதிர்பாத்ததும் வந்ததும் ஒத்துப் போகலன்னா எதுக்கு வாந்தி வரணும்? ட்ரைஸ்மன் 1977ல சொன்னாரு, விஷம் சாப்ட்டா புலன்கள் கொழம்பும், அதனால கொழப்பம் வந்தாலே மூளை விஷம்னு நெனச்சு வெளிய தள்ளுதுன்னு. கேக்க அழகா இருக்கு. நிரூபிச்சாச்சான்னு கேட்டா இல்ல.

இப்ப உங்க பாடத்துக்கு வர்றேன். தண்ணி நெறஞ்சிருக்குன்னு நெனச்சு காலிக் குடத்தத் தூக்கியிருக்கீங்களா, குடம் இடுப்பு வரைக்கும் எகிறும். கை எவ்வளவு விசை போடணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணிருச்சு, தப்புன்னு தெரிய வர்றதுக்குள்ள குடம் மேல வந்துருச்சு. கண்ணு பாத்தத வெச்சு கையத் திருத்தறதுக்கு 100 மில்லிசெகண்டுக்கு மேல ஆகும், தசை நேரா இழுபட்டா வர்ற ரிஃப்ளெக்ஸ்கூட 25, 30 மில்லிசெகண்டு. கிரிக்கெட்ல மணிக்கு 140 கிலோமீட்டர்ல வர்ற பந்து 100 மில்லிசெகண்டுல கிட்டத்தட்ட 4 மீட்டர் போயிரும். அப்பறம் கடைசி நாலு மீட்டர்ல கண்ணால பாத்து பேட்டத் திருத்தறதுங்கறது நடக்காத காரியம், நம்ம சின்னப்பம்பட்டி நடராஜன் கால்ல போடற யார்க்கர யாரும் "பாத்து" ஆடறதில்ல, கணிச்சு ஆடறாங்க, இல்லன்னா ஸ்டம்ப் போயிருது. பேட்ஸ்மேன் கண்ணு பந்தத் தொடர்ந்துகிட்டே வராம, பிட்ச் ஆகற எடத்துக்கு முன்கூட்டியே தாவிருதுன்னு லேண்ட், மெக்லியோட் 2000ல அளந்து போட்டாங்க.

டிலே (தாமதம்) இருக்கற லூப்புல, அதாவது விளைவப் பாத்துப் பாத்துத் திருத்தற சுத்துல, கெயின (திருத்தற அளவ) ஏத்துனா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா? ஆடும். நம்ம ஸ்டீல் பிளான்ட் மாதிரி எடத்துல கோல்ட் ரோலிங் மில்ல நெனச்சுப் பாருங்க, தகட்டோட தடிமன அளக்கற கேஜு ரோலருக்குக் கொஞ்ச தூரம் தள்ளித்தான் இருக்கும், தப்பு நடந்த எடம் கேஜுக்கு வந்து சேர்றதுக்குள்ள இன்னும் நாலு அடி தகடு அதே தப்போட வெளிய வந்துரும். அதுக்குத்தான் 1957ல ஸ்மித் பிரடிக்டர் வந்துச்சு, பிளான்ட்டோட மாடல உள்ள வெச்சுகிட்டு, பதில் வர்றதுக்கு முன்னாடியே பதில கணக்குப் போடறது. இத நீங்க எம்.இ.லயே ஒரு அசைன்மென்ட்டா பண்ணியிருப்பீங்க. 1993ல மியால் குழு எழுதுன ஒரு பேப்பரோட தலைப்பே "சிறுமூளை ஒரு ஸ்மித் பிரடிக்டரா?"ங்கற கேள்விதான். நான் மொத தடவ அதப் பாத்தப்ப ஹாஸ்டல் ரூம்ல தனியா சிரிச்சேன், நம்ம சிலபஸ்ஸு இங்க எங்கடா வந்துச்சுன்னு. அதோட நிக்கல. 1995ல வோல்பர்ட், கஹ்ரமானி, ஜோர்டன் மூணு பேரும் இருட்டுல கை எங்க இருக்குன்னு மனுசங்க கணிக்கறதுல வர்ற பிழைய கால்மன் ஃபில்டர் (கணிப்பையும் அளவையும் சேத்து நெலமைய மதிப்பிடற கணக்கு) வெச்சு விளக்குனாங்க, 2002ல தொடோரோவ் ஆப்டிமல் ஃபீட்பேக் கண்ட்ரோல (பிழையும் முயற்சியும் கொறைவா இருக்கற மாதிரி திருத்தற முறை) கைக்குக் கொண்டு வந்தாரு. அதனால "பயாலஜி தெரியாது, சிரிப்பாங்களா"ங்கறதுக்கு என் பதில், இந்தத் துறையில பாதிப் பேரு உங்கள மாதிரி வேற தெருவுல இருந்து வந்தவங்கதான். தண்டுவடம், சிறுமூளை, மோட்டார் கார்டெக்ஸ் (அசைவுக்கு உத்தரவு போடற மூளைப் பகுதி) எங்க இருக்கு எப்புடி இணைஞ்சிருக்குங்கறது மூணு நாலு மாசம் ராத்திரி உக்காந்து படிச்சா வர்ற விசயம். வார்த்தைங்கதான் அதிகம்.

ஆனா உங்களுக்கு இல்லாதது ஒண்ணு இருக்கு, அது பயாலஜி இல்ல. மனுசங்கள அளந்து பாத்து, உங்க அழகான மாடல் கண்ணு முன்னாடி தோத்துப் போற அனுபவம் உங்களுக்கு இல்ல. சிமுலிங்க்ல (கம்ப்யூட்டர்லயே சிஸ்டத்த ஓட்டிப் பாக்கற சாஃப்ட்வேர்) டேட்டா நாம சொன்ன பேச்சக் கேக்கும். மனுசன் கேக்க மாட்டான், மெசினும் கேக்காது. என் கதையச் சொல்றேன். ரோபோ கைப்பிடிய புடிச்சு நகத்தணும், கை ஒரு கண்ணாடிக்குக் கீழ மறைஞ்சிருக்கும், மேல ஒரு ஸ்க்ரீன்ல இருந்து கர்சர் கண்ணாடியில தெரியும். கர்சர 100 மில்லிசெகண்டு தாமதமாக் காட்டுனா ஆளுங்க எப்புடி ஈடு கட்டறாங்க, வயசானவங்களுக்கு அது எப்புடி மாறுதுங்கறது கேள்வி. மொதல்ல காலேஜ் பசங்க 20 பேரு முடிச்சேன், அப்புறம் வயசானவங்க. டேட்டா பாத்தா அப்புடி ஒரு வித்தியாசம், தாமதமே இல்லாத கட்டத்துலகூட பெரியவங்க கை வேற மாதிரி போகுது. உள்ளுக்குள்ள இருக்கற மாடல் வயசாக ஆக டிலேவ தப்பாக் கணக்குப் போடுதுன்னு ஒரு தியரி கட்டி, ஈக்வேசன் எழுதி, ஃபிட் பண்ணி (டேட்டாவோட பொருத்திப் பாத்து), மாநாட்டுப் போஸ்டர் வரைக்கும் போயிட்டேன். ஏழு மாசம். அங்க இருந்த டெக்னீசியன், ரிட்டயர் ஆகப் போற மனுசன், ஒரு நாள் வந்து ஃபோட்டோடயோடுங்கற வெளிச்ச சென்சர் ஒண்ண ஸ்க்ரீன் மூலையில கருப்பு இன்சுலேசன் டேப்பு போட்டு ஒட்டுனாரு, சிக்னலக் கோடாக் காட்டற ஆசிலோஸ்கோப்ல பாத்தாரு. நடுவுல பழைய மானிட்டர் போயிருச்சுன்னு பெருசா ஒரு டிவி மாட்டியிருந்தோம், நாந்தான் மாட்டுனேன். அந்த டிவி படத்த மெருகேத்திக் காட்டறேன்னு 70 மில்லிசெகண்டு எடுத்துகிட்டிருக்கு. ரிமோட்ட எடுத்து கேம் மோடுன்னு ஒரு பட்டன அழுத்துனாரு, ஆசிலோஸ்கோப்ல கோடு நகந்து வந்து ஒட்டிகிச்சு. என் தியரி முடிஞ்சுது. பசங்க எல்லாம் பழைய மானிட்டர்ல, பெரியவங்க எல்லாம் டிவியில. டிலேவப் பத்தியே ஆராய்ச்சி பண்ற நான் என் ஸ்க்ரீன் டிலேவ அளக்கல. அவரு ஒண்ணும் சொல்லல, டேப்ப மட்டும் அங்கயே விட்டுட்டுப் போயிட்டாரு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, என் மாடல் அந்தத் தப்பு டேட்டாவுக்கும் அருமையா ஃபிட் ஆச்சு. பேராமீட்டர் (மாடல்ல நாம மாத்திக்கற நம்பர்) போதுமான அளவு இருந்தா எதுக்கும் ஃபிட் ஆகும். இதுக்கு நல்ல உதாரணம் இந்தத் துறையிலயே இருக்கு, உங்களுக்கு ரொம்பப் புடிக்கும். 2006ல மாரிஸ் ஸ்மித், கசிசாதே, ஷாத்மேர் மூணு பேரும் ஒரு மாடல் போட்டாங்க, பழகறதுங்கறது ரெண்டு ஸ்டேட் (ரெண்டு நினைவு மாதிரி), ஒண்ணு சீக்கிரம் கத்துகிட்டு சீக்கிரம் மறக்கும், இன்னொண்ணு மெதுவாக் கத்துகிட்டு மெதுவா மறக்கும், ரெண்டையும் கூட்டுனா கை போற தெச. மொத்தம் நாலு நம்பர் (ரெண்டுக்கும் கத்துக்கற வேகம், மறக்கற வேகம்), லீனியர். அது முன்கூட்டியே ஒண்ணு சொல்லுச்சு: ஒரு பக்கம் தள்ளற விசைக்கு நல்லாப் பழக்கி, அப்புறம் கொஞ்ச நேரம் எதிர்ப் பக்கம் தள்ளி, அப்புறம் பிழையே தெரியாத மாதிரி மறைச்சுட்டா, மறந்துட்டதா நெனச்ச பழைய பழக்கம் தானாவே கொஞ்சம் தலையத் தூக்கும்னு. பாத்தாங்க, தூக்குச்சு. இந்த மாதிரி "முன்னாடியே சொல்லி அப்புறம் பாத்தது" இருந்தாத்தான் நான் ஒரு மாடல மதிப்பேன். ஆனா அதோட கதை முடியல. சீக்கிரம் கத்துக்கற அந்த ஸ்டேட் என்னங்கறது அப்புறம் சந்தேகத்துக்கு வந்துச்சு. கர்சர 45 டிகிரி திருப்பி விட்டா, ஆளுங்க "ஓ, இது அந்தப் பக்கம் போகுது, நான் இந்தப் பக்கம் குறி வெக்கறேன்"னு தெரிஞ்சே மாத்திக்கறாங்க. 2014ல டெய்லர், கிராக்கவர், ஐவ்ரி செஞ்சது ரொம்ப எளிமை, ஒவ்வொரு தடவையும் "எங்க குறி வெக்கறீங்க"ன்னு வாயத் தொறந்து கேட்டாங்க, அவ்வளவுதான். வேகமான பங்குல பெரும்பகுதி இந்தத் தெரிஞ்சு செய்யற தந்திரம்தான்னு தெரிய வந்துச்சு. மொத்தத் துறையும் அதுக்கு முன்னாடி எத்தனையோ வருசம் ஆளுங்கள மெசின் முன்னாடி உக்கார வெச்சுட்டு அவங்க கிட்ட ஒரு வார்த்தை கேக்காம விட்டிருக்கு, எனக்கு அது இன்னைக்கும் கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு.

எது உறுதின்னு இன்னும் ரெண்டு சொல்லிட்டு வேலை விசயத்துக்குப் போறேன். சிறுமூளை அடிபட்டா ஆளு அசைய முடியாமப் போறதில்ல, மூக்கத் தொடச் சொன்னா விரல் தாண்டிப் போகும், திரும்ப வரும், கிட்டப் போகப் போக நடுங்கும், கண்ட்ரோல் படிச்ச கண்ணுக்கு அது பிரடிக்டர் போன லூப்பு மாதிரியே தெரியும். புதுசாப் பழகற திறமையும் கொறையும். இது உறுதி. மூளையில மொத்தம் சுமார் 8600 கோடி நியூரான், அதுல 6900 கோடி சிறுமூளையிலதான்னு 2009ல எண்ணிப் போட்டதும் நெறைய பேருக்குத் தெரியாது. ஆனா அந்த 6900 கோடிக்குள்ள "மாடல்" எந்த வடிவத்துல இருக்குங்கறது இன்னும் சண்டைதான். மோட்டார் கார்டெக்ஸ்ல அத விட சண்டை, நியூரான் கை போற தெசையக் குறிக்குதுன்னு ஜியார்ஜோபூலோஸ் 1980கள்ல சொன்னாரு, 2012ல சர்ச்லேண்ட் குழு அது எதையும் "குறிக்கல", ஒரு டைனமிகல் சிஸ்டம் (இப்ப இருக்கற நெலமையே அடுத்த நெலமைய உண்டாக்கற அமைப்பு) மாதிரி சுத்திகிட்டு அசைவ உண்டாக்குதுன்னாங்க. 1937ல இருந்து பாடப்புத்தகத்துல தலைகீழாத் தொங்கற, மூளையில எந்த எடம் எந்த உறுப்புக்குன்னு காட்டற அந்தக் குட்டி மனுசப் படத்துக்கே 2023ல திருத்தம் வந்துச்சு, கை கால் முகம் பகுதிகளுக்கு நடுநடுவுல மொத்த ஒடம்பையும் சேத்துத் திட்டம் போடற மாதிரி பகுதிகள் இருக்குன்னு. ஆப்டிமல் (இருக்கறதுலயே சிறந்த வழி), பேசியன் (நிகழ்தகவு வெச்சு கணிக்கறது) இதெல்லாம் மூளை நெஜமாவே கணக்குப் போடுதா, இல்ல நம்ம கணக்கு அதுக்குப் பொருந்துதான்னு கேட்டா, நான் ரெண்டாவது பக்கம் சாயறேன். என் பழைய பி.ஐ. (லேப் தலைவர்) மொத பக்கம். அவரு என்ன விட புத்திசாலி, அதையும் சொல்லிடணும்.

சரி, வீட்டுல என்ன சொல்றது. போஸ்ட்டாக் படிப்பு இல்லைங்க. வேலை. சம்பளம் வரும், பி.எஃப். மாதிரி புடிப்பும் இருக்கும், பட்டம் எதுவும் கெடைக்காது. காண்ட்ராக்ட் வேலைங்கறத மறைக்காதீங்க, அங்கதான் அப்புறம் வீட்டுல மனஸ்தாபம் வரும். ரெண்டு வருசம், மூணு வருசம், நிதி முடிஞ்சா முடிஞ்சுது. ஜெர்மனியில பிஎச்டிக்கு அப்புறம் பொதுவா ஆறு வருசத்துக்கு மேல இந்த மாதிரி தற்காலிகமா வெச்சுக்க முடியாதுன்னு சட்டமே இருக்கு, நெரந்தர எடம் கெடைக்கலன்னா வெளிய வரணும். பெரும்பாலானவங்க வெளியதான் வர்றாங்க, என்ன மாதிரி. எங்க அம்மா இன்னைக்கும் சொந்தக்காரங்க கிட்ட "அவன் வெளிநாட்டுல படிச்சுட்டு வந்தான்"னுதான் சொல்லுது, அஞ்சு வருசம் சம்பளம் அனுப்புனத மறந்துட்டு.

லேப் தேர்ந்தெடுக்கறதுல என் ஒரே பிடிவாதம், சோதனையும் தியரியும் ஒரே காரிடார்ல இருக்கற எடமாப் பாருங்க. வெறும் மாடலிங் மட்டும்னா உங்களுக்கு சுலபமா இருக்கும், ரெண்டு வருசம் கழிச்சு இப்ப தெரிஞ்சதத்தான் இன்னும் வேகமாச் செய்வீங்க. ஆளுங்களக் கூப்புட்டு, சம்மதக் கையெழுத்து வாங்கி, ஈ.எம்.ஜி. (தசையோட மின் சிக்னல அளக்கற சென்சர்) ஒட்டி, பாதியில எந்திரிச்சுப் போனவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பற வேலைய நீங்களே செய்யணும். அந்த லேப்ல இருந்து கெளம்பிப் போன ஒருத்தர் கிட்ட கட்டாயம் பேசுங்க, இப்ப இருக்கறவங்க நல்லதத்தான் சொல்லுவாங்க. நிதி நீங்களே கொண்டு வந்தா மரியாதை வேற, எச்.எஃப்.எஸ்.பி.ல (ஹியூமன் ஃப்ரான்டியர் சயின்ஸ் புரோகிராம், ஆராய்ச்சிக்கு நிதி குடுக்கற சர்வதேச அமைப்பு) கிராஸ் டிசிப்ளினரி ஃபெல்லோஷிப்புனு உங்கள மாதிரி இன்ஜினியரிங், ஃபிசிக்ஸ்ல இருந்து உயிரியலுக்கு மாறறவங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு, அதப் பாருங்க. வெளிநாடுதான்னு இல்ல, ஐஐடி மெட்ராஸ், பெங்களூர் ஐஐஎஸ்சி, ஐஐடி காந்திநகர் மூணு எடத்துலயும் இந்த வகை வேலை நடக்குது, வேலூர் சி.எம்.சி.ல பயோ இன்ஜினியரிங் பக்கம் பக்கவாதம் வந்தவங்க கைக்கு ரோபோ செய்யறாங்க, சேலத்துல இருந்து பஸ்ல போய் நேர்லயே பாத்துட்டு வரலாம்.

அப்ளிகேசன் அனுப்பறதுக்கு முன்னாடி ஒண்ணு செய்யுங்க, செலவில்லாதது. லேப்டாப்புல மவுச நகத்துனா கர்சர் 30 டிகிரி திரும்பிப் போற மாதிரி சின்னதா ஒரு பைத்தான் புரோகிராம் எழுதுங்க, 200 தடவ இலக்கத் தொடணும், நடுவுல ஒரு கட்டத்துல கர்சர மறைச்சுருங்க. வீட்டுல, பக்கத்து வீட்டுல பத்து பேர உக்கார வைங்க. எங்க தெருவுல கொலுசுப் பட்டறை வெச்சிருக்கற அண்ணன ஒரு தடவ உக்கார வெச்சேன், நாள் பூரா கண்ணுக்குத் தெரியாத வளையத்த கொறடுல புடிச்சு கோக்கற கை அது, அவரு பிரமாதமாச் செய்வாருன்னு நெனச்சேன், மத்தவங்க மாதிரியேதான் தடுமாறுனாரு. ஒரே ஆளு, அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஆனா நான் எதிர்பாத்தது நடக்கல. அந்த ரெண்டு ஸ்டேட் மாடல உங்க பத்து பேருக்கும் தனித்தனியா ஃபிட் பண்ணுங்க. அதுக்கும் முன்னாடி, மாடல்லயே பொய் டேட்டா செஞ்சு, நீங்க போட்ட நாலு நம்பரும் ஃபிட்ல திரும்பி வருதான்னு பாருங்க, 200 தடவைக்கு ஒழுங்கா வராது, ஏன் வரலன்னு யோசிக்கறதுதான் இன்டர்வியூல அவங்க கேக்கப் போற கேள்வி. கம்ப்யூடேஷனல் நியூரோசயின்ஸ ஆன்லைன்ல சொல்லித் தர்ற நியூரோமேட்ச் அகாடமியோட பாடம் எல்லாம் 2020ல இருந்து இலவசமா இருக்கு, கால்மன் ஃபில்டர் வர்ற பகுதிய நீங்க தாண்டிப் போயிரலாம்.

முடிச்சுட்டு கிராஃபையும் புரோகிராமையும் இங்கயே போடுங்க, சனி ஞாயிறுல வந்து பாக்கறேன். உங்க லேப்டாப்புல ஸ்க்ரீன் டிலே எவ்வளவுன்னும் சேத்து எழுதுங்க, ஃபோன்ல ஸ்லோ மோசன் வீடியோ எடுத்தா ஓரளவு தெரிஞ்சுரும்.